பட்டறையில் பார்வையாளர் இல்லை

பட்டறை என்பது கொல்லனின் உலைக்களத்தோடு உறவுடைய சொல். அங்கே ஒருவர் துருத்தி ஊதுவார். ஒருவர் பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டால் பற்றிப் பிடிப்பார். மற்றொருவர் சம்மட்டியை ஓங்கி அடிப்பார். கைகட்டி வேடிக்கை பார்ப்பவருக்கு அங்கே இடம் இல்லை. எல்லாருடைய கையும் ஒரே காரியத்தில் ஈடுபடுகின்றபொழுதுதான் உருவமற்ற இரும்புத்துண்டு அரிவாளாகவும் மண்வெட்டியாகவும் மாறுகின்றது.

இன்று நாம் எத்தனையோ கூட்டங்களுக்குப் பட்டறை என்று பெயர் சூட்டுகின்றோம். தேர்வு வழிகாட்டிப் பட்டறை, கதை எழுதும் பட்டறை, பெற்றோர் பட்டறை எனப் பலவாறு அறிவிப்புகள் வருகின்றன. ஆயின், அவற்றுட் பலவற்றில் நடைபெறுவது யாது? ஒருவர் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசுகின்றார். ஏனையோர் அமர்ந்து கேட்கின்றனர். கைதட்டித் தேநீர் அருந்தி இல்லம் திரும்புகின்றனர். நல்ல சொற்பொழிவைக் கேட்பது நன்மையே. ஆனால் அது பட்டறை ஆகாது. வந்தவர் எல்லாரும் தம் கையால் ஏதேனும் ஒன்றைச் செய்து, கூட்டம் முடியும்பொழுது பலர் உழைப்பால் ஆன ஒரு பொருள் எஞ்சி நின்றால்தான் அதனைப் பட்டறை என்று அழைத்தல் தகும்.

இக்கருத்தை இப்பொழுது வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பல ஊர்களில் உள்ளோர் கட்டணம் ஏதுமின்றி இணையத்தின் வழியே ஒன்றுகூடி வேலை செய்யும் வாய்ப்பு இன்று நம் கைக்கு எட்டியிருக்கின்றது. இதனை இயங்கலைப் பட்டறை என்கின்றோம். இவ்வாய்ப்பை நம் பள்ளிச் சமூகம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்; பயன்படுத்துகின்றபொழுது அதனை மற்றுமொரு சொற்பொழிவாகச் சுருக்கிவிடலாகாது. இவ்விரண்டுமே நாம் இங்கே சொல்ல விரும்புவன.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. பாடங்கள் கைப்பேசிக்குள் புகுந்தன. அந்நாள்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் திறன்பேசி ஒன்றே ஒன்று; அதுவும் தந்தையின் சட்டைப்பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். அவர் மாலையில் திரும்பிய பின்னரே பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகப் பாடத்தைத் திறந்தனர். இணைய அலை கிடைக்கும் இடம் தேடி வாசலுக்கும் சாலையோரத்திற்கும் சென்ற பிள்ளைகளும் உண்டு. ஆசிரியர் திரையில் பேசினார். அவர் எதிரே பெயர் எழுதிய கருங்கட்டங்கள் மட்டுமே தெரிந்தன. கட்டத்திற்குப் பின்னால் மாணவர் இருக்கின்றாரா, உறங்கிவிட்டாரா என்பதை அறிய வழி இல்லை.

அக்காலம் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. கூடுவதற்குத் தொலைவு ஒரு தடை அன்று என்பது ஒன்று. கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே வேலை என்றால், திரைக்கு அப்பால் உள்ளவர் நெடுநேரம் நம்மோடு இருப்பதில்லை என்பது மற்றொன்று. முதற்பாடத்தை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். இரண்டாவதை மறந்துவிட்டோம்.

பெருந்தொற்றுக் காலம் கடந்தது; பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர்; இனி இயங்கலை எதற்கு என்று கேட்போர் உளர். நேரில் கூடிச் செய்வதற்கு ஈடு உண்டா என்பது அவர்தம் வினா. ஈடு இல்லைதான். கூட முடிந்தால் நேரில் கூடுவதே சிறப்பு. ஆனால் நம்மில் எத்தனை பேரால் கூட முடிகின்றது? இரப்பர் மரங்கள் நின்ற நிலங்களுட் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிச் சென்றன. பெற்றோருள் ஒருவர் இன்னும் தோட்டத்தில் இருக்கின்றார். ஒருவர் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கின்றார். ஒருவர் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றார். பெரட்டுக் களத்தில் மணி அடித்தவுடன் ஒன்றுகூடிய சமூகம், இன்று ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தில் ஒன்றுகூட முடியாமல் தவிக்கின்றது. வராதவர்க்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. அது நீதி ஆகாது.

சிதறி நிற்போர் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பெரியதொன்றைச் சாதிப்பது நமக்குப் புதிதும் அன்று. 1950களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பாட்டாளிகள் பலர் வேலையும் வீடும் இழந்து நின்றனர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் பாட்டாளிகளைத் திரட்டி, 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் தம் சிறு சேமிப்பைப் பங்காகச் செலுத்தினர். அப்பங்குகள் ஒன்றுசேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கின. ஒவ்வொருவரும் கொடுத்தது சிறு தொகைதான். ஆயினும் ஒவ்வொருவரும் கொடுத்தனர். இயங்கலைப் பட்டறைக்கும் இதுவே அடிப்படை. அறிவிலும் உழைப்பிலும் ஆளுக்கொரு பங்கு செலுத்த வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவிகள் மூன்றே. கூடிப் பேச ஓர் இடம். கூடி எழுத ஒரு தாள். முன்னும் பின்னும் செய்தி அனுப்ப ஒரு வழி. கூடிப் பேசுவதற்குச் சூம், கூகுள் மீட், ஜிட்சி முதலியவை உள்ளன. சூம் செயலியின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகுள் மீட்டில் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடினால் 60 நிமிடம் கிடைக்கும். இரண்டிலும் 100 பேர் வரை சேரலாம். ஜிட்சி, எவரும் பார்த்துத் திருத்திப் பயன்படுத்திக்கொள்ளுமாறு திறந்து வைக்கப்பட்ட மென்பொருள். அதன் பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் கணக்கு வைத்திருந்தால் போதும்.

கூடி எழுதுவதற்குக் கூகுள் ஆவணம் உதவும். ஒருவர் எழுதும் சொல் அக்கணமே மற்றவர் திரையிலும் தோன்றும். செய்த மாற்றங்கள் வரிசையாகப் பதிவாவதால், தவறி அழிந்ததை மீட்டுக்கொள்ளலாம். ஈதர்பேட் என்னும் மற்றொரு கருவியில் ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு வண்ணத்தில் தெரியும்; ஆகவே யார் எழுதினார், யார் இன்னும் தயங்குகின்றார் என்பது பார்த்த அளவில் விளங்கும். செய்தி அனுப்புவதற்கு, நம்மிற் பெரும்பாலோர் கைப்பேசியில் ஏற்கெனவே உள்ள புலனமே போதுமானது. இம்மூன்றுக்கு மேல் கருவிகளைக் குவித்தல் வேண்டா. கருவியைக் கற்பதிலேயே பொழுது கழிந்தால் வேலை எப்பொழுது நடப்பது?

பலர் கூடி எழுதினால் குழப்பம்தானே மிஞ்சும் என்று ஐயுறுவோர் விக்கிப்பீடியாவை நோக்குக. 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அக்கலைக்களஞ்சியம் ஆங்கிலத்தில் தொடங்கியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா பிறந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம் மலேசியாவிலும் உள்ள தன்னார்வலர்கள் ஊதியம் பெறாமல் அதில் எழுதினர். ஒருவர் தொடங்கிய கட்டுரையை அவர் முகமறியாத மற்றொருவர் திருத்தினார். இன்று அதில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அவற்றுட் பல சிறு சிறு திருத்தங்களால் வளர்ந்தவை.

அங்ஙனமாயின் நாம் எதனைக் கூடிச் செய்வது? நாம் ஒன்றை முன்மொழிகின்றோம். நம் தோட்டச் சொற்களைத் தொகுப்போம். மங்கு, காண்டா, ஒட்டுப்பால், பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை என்னும் சொற்களின் பொருளை ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பர். அவர்களுடைய பாட்டியோ தயங்காமல் விடை கூறுவார். மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணம் மங்கு. வெட்டுக்கோட்டிலும் மங்கிலும் காய்ந்து ஒட்டிக்கொண்ட பால் ஒட்டுப்பால். இருபுறமும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கழி காண்டா. அக்கழி தோளில் எந்த இடத்தில் காய்ப்பு ஏற்றும் என்பதையும் அவர் தொட்டுக் காட்டுவார்.

பாட்டி அறியாத ஒன்றைப் பேரன் அறிவான். மலாய் மொழியில் கண்டார் என்பது கழியில் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பதைக் குறிக்கும். பினாங்கில் சோற்றையும் குழம்பையும் அவ்வாறு சுமந்து விற்றமையால்தான் நாசி கண்டார் என்னும் பெயர் வந்தது. பாட்டி பொருளைச் சொல்ல, பேரன் சொல்லின் உறவைச் சொல்ல, ஆசிரியர் எழுத்தைத் திருத்த, ஒரு சொல்லின் வரலாறு முழுமை பெறுகின்றது. மூவருள் ஒருவர் குறைந்தாலும் அஃது அரைகுறையாகும். இதனினும் சிறந்த பட்டறைப் பொருள் வேறு உண்டோ? நாம் காலந் தாழ்த்தினால், சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராக நம்மைவிட்டு மறைவர். அச்சொற்களும் அவர்களோடு மறையும்.

இதற்கு 40 நிமிடம் போதும். நேரம் அனைவர்க்கும் பொருந்துமாறு, வார இறுதியில் ஓர் இரவு எனக் கொள்வோம். மூவர் பொறுப்பேற்க வேண்டும். ஒருவர் கூட்டத்தை நடத்துவார். ஒருவர் கடிகாரத்தைக் காப்பார். மூன்றாமவர் வழி தெரியாமல் திகைப்பவரைத் தனியே தொலைபேசியில் அழைத்து உதவுவார். இம்மூன்றாமவரே பட்டறையின் உயிர்நாடி. ஒலி கேட்கவில்லை என்று ஒரு தாய் வெளியேறிவிட்டால், அவர் மறுமுறை வருவது அரிது. முதல் நாளே இணைப்பை அனுப்பி, விரும்புவோர் ஒருமுறை நுழைந்து பழகிக்கொள்ள வாய்ப்பளித்தல் நலம்.

முதல் 5 நிமிடம் அனைவர் குரலும் கேட்கின்றதா என்று பார்ப்பதற்கு. அடுத்த 5 நிமிடம், செய்ய வேண்டியது யாது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குவதற்கு. அதன்பின் 5 நிமிடம் முழு அமைதி, யாரும் பேசலாகாது. ஒவ்வொரு வீட்டாரும் தாம் அறிந்த ஒரு சொல்லையும் அதன் பொருளையும் பொதுத்தாளில் எழுத வேண்டும். இவ்வமைதி மிகவும் இன்றியமையாதது. வாயால் பேசும் கூட்டத்தில் துணிந்தவர் குரலே ஓங்கும், அஞ்சியவர் பின்தங்குவர். கையால் எழுதும் அமைதியில் சங்கத் தலைவர் எழுதிய சொல்லும், இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறவாத ஒரு தாய் எழுதிய சொல்லும் ஒரே தாளில் ஒரே அளவில் நிற்கும்.

அடுத்த 15 நிமிடம் நால்வர் நால்வராகப் பிரிந்து பேசுக. சூம் செயலியில் கூட்டத்தைச் சிறு அறைகளாகப் பிரிக்கும் வசதி உண்டு. ஒவ்வொருவரும் தம் சொல்லின் கதையைக் கூற, குழுவில் ஒருவர் அதனைத் தாளில் சேர்ப்பார். பின்னர் 7 நிமிடம், குழுக்கள் தாம் எழுதியதை அனைவர்க்கும் படித்துக் காட்டுக. இறுதி 3 நிமிடத்தில் எஞ்சிய வேலை யாது, அதனை யார் செய்வது, மீண்டும் என்று கூடுவது என்பன முடிவாகட்டும். கூட்டம் முடிந்த பின் அத்தாளை அச்சிட்டுப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். தம் சொல் அச்சேறியதைக் காணும் பாட்டாளி, அடுத்த கூட்டத்திற்கு அழைக்காமலே வருவார்.

எனக்குத் தட்டச்சு தெரியாதே என்று சில பெரியோர் பின்வாங்கலாம். அவர்களுக்கும் வழி உண்டு. கணினியில் தமிழ் அரிதாக இருந்த 1980களிலேயே நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர்க் கைப்பேசியில் தமிழ் எழுதச் செல்லினத்தையும் தந்தார். அதுவும் இயலாதவர் புலனத்தில் குரற்பதிவாகச் சொல்லலாம். பிள்ளை அதனைக் கேட்டு எழுதட்டும். ஒரு வீட்டில் ஒரே திறன்பேசி என்பது தனித்தனியே கற்பதற்குக் குறையாக இருந்தது. கூடிச் செய்யும் வேலைக்கு அது குறையன்று. அதனைச் சுற்றி மூவர் அமரலாம். பாட்டி சொல்ல, பேத்தி எழுத, தாய் சரிபார்க்கலாம். இணையக் கட்டணத்தை எண்ணி அஞ்சுவோர் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். கருவியே இல்லாத குடும்பத்திற்குப் பள்ளியின் கணினி அறையை அவ்வொரு பொழுது திறந்து வைப்பது பள்ளியின் கடமை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவையும் சில உள. இலவசம் என்பது என்றும் நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பள்ளிகள் பல பயன்படுத்திய கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. உலகெங்கும் புகழ்பெற்றிருந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. வாடகை வீட்டில் விதைநெல்லை வைத்துவிட்டு உறங்கலாமா? ஒவ்வொரு பட்டறை முடிந்ததும் ஒரு படியைப் பள்ளிக் கணினியிலும், ஒரு படியைத் தாளிலும் பாதுகாத்தல் வேண்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு அதனினும் முதன்மையானது. 13 வயது நிறையாத பிள்ளைகள் தாமே கணக்குத் திறத்தல் வேண்டா. பெற்றோர் கணக்கிலோ, கல்வி அமைச்சு வழங்கியுள்ள டெலிமா கணக்கிலோ அவர்கள் பங்கேற்கட்டும். கூட்ட இணைப்பைப் பொதுவெளியில் பரப்பலாகாது. பிள்ளைகளின் படம், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றைப் பொதுத்தாளில் எழுதலாகாது. பட்டறை முடிந்தவுடன், தாளைத் திருத்தும் உரிமையை மூடிவிட்டுப் படிக்கும் உரிமையை மட்டும் விட்டுவைத்தல் நன்று.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். இத்தகைய முயற்சி பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் தோளில் வந்து விழுகின்றது. அழைப்பு விடுப்பவரும் அவரே, நடத்துபவரும் அவரே, நள்ளிரவு வரை தொகுத்து எழுதுபவரும் அவரே. அவர் மாற்றலாகிச் சென்றவுடன் முயற்சியும் மடிகின்றது. கூட்டுப் பட்டறை என்று பெயரிட்டுவிட்டு ஒருவரை மட்டும் உழைக்கவிடுவது அறமா? நேரம் காப்பதை ஒரு தந்தை செய்யலாம். தொலைபேசியில் உதவுவதை ஒரு முன்னாள் மாணவர் செய்யலாம். பிழை திருத்துவதை ஆறாம் ஆண்டு மாணவர்கள் செய்யலாம். ஆசிரியர் வழிகாட்டினால் போதும்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் விளையாடும் அதே கைப்பேசி உங்கள் பாட்டியின் சொல்லைக் காக்கும் கருவியாகவும் ஆகும். இன்றிரவே அவர் அருகில் அமர்ந்து ஒரே ஒரு தோட்டச் சொல்லைக் கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோர்களே! எமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கி நில்லாதீர்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு உங்களிடம் இருக்கின்றது; பள்ளி அதனைக் கேட்டுப் பெற விரும்புகின்றது. பாட்டாளித் தோழர்களே! காண்டா சுமந்த உங்கள் தோளின் கதையை நீங்கள் சொன்னால்தான் உண்டு.

கொல்லன் பட்டறையில் இரும்பு சூடாக இருக்கும்பொழுதே அடிக்க வேண்டும். சொல்ல வேண்டியவர் நம்மிடையே இருக்கின்றனர். எழுத வேண்டியவர் வளர்ந்து நிற்கின்றனர். இருவரையும் இணைக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கின்றது. எஞ்சியிருப்பது நாம் அனைவரும் கை கொடுப்பது ஒன்றே. முதற்பட்டறைக்கு நாள் குறிப்போம். ஆளுக்கொரு சொல்லோடு வருவோம்.